ராமென் கிண்ணத்தில் என்ன இருக்கிறது? கேட்டுத் தெரிந்துகொண்டு உண்போம்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், தோக்கியோவில் வேலை பார்க்கும் எங்கள் மூத்த மகனைப் பார்க்கக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். இளைய மகளுக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசைதான். நருத்தோ கார்ட்டூனில் அந்தப் பையன் கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சிச் சாப்பிடுவானே, அந்த ராமென் வேண்டும்.

"நான் கூட்டிப் போகிறேன்" என்றார் மகன். இணையத்தில் எல்லோரும் புகழும் கடை. அலுவலக நண்பர்களுடன் வாரம் ஒருமுறை அங்கேதான் மதிய உணவாம். "அங்கே கடல் உணவு ராமென் தனியாக இருக்கிறது வாப்பா. அதில் பன்றி கிடையாது" என்று உறுதியாகச் சொன்னார்.

ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். வாசலில் இருந்த இயந்திரத்தில் காசைப் போட்டு, மீன் படம் போட்ட பொத்தானை அழுத்திச் சீட்டு எடுத்தோம். உட்கார இடம் கிடைத்தபோது பக்கத்தில் ஒருவர் அதே ராமெனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிள்ளைகளின் உம்மா மெதுவாகக் கேட்டார்: "மீன் சூப் இவ்வளவு வெள்ளையாகவா இருக்கும்? நம் ஆட்டுக்கால் பாயா மாதிரி அல்லவா இருக்கிறது. எலும்பைக் கொதிக்க வைக்காமல் இந்த நிறம் வராதே?"

மகன் எழுந்து போய் சமையல்காரரிடம் ஜப்பானிய மொழியில் கேட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார்: பன்றி எலும்பு சூப்பும் மீன் சூப்பும் சரிபாதியாகக் கலந்தது. நாங்கள் முஸ்லிம்கள் என்று சொன்னதும் தலை குனிந்து வருத்தம் தெரிவித்து, சீட்டுகளை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார். கடைக்காரர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைச் சொன்னார்.

வெளியே வந்த மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேனே வாப்பா" என்றார்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தொழுகையைத் தவறவிடாத, மது பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளை அவர். அலட்சியத்தால் நடந்ததல்ல, தெரியாமல் நடந்தது. நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் என்று போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்னையிலேயே இவ்விரு நாட்டு உணவகங்களும் வந்துவிட்டன. ஆகவே இந்தக் கிண்ணத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ராமென் வந்த கதை

ராமென் ஜப்பானின் பழங்கால உணவு அல்ல. சீனக் கோதுமை நூடுல்ஸ், யோகோஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்களுடன் ஜப்பானுக்கு வந்தது. 1910-இல் தோக்கியோவின் அசாகுசா பகுதியில் திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்ற கடையை ஜப்பானின் முதல் ராமென் கடைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். பன்றி எலும்பு சூப்பில் செய்யும் 'டோன்கோட்சு' வகை, 1937-இல் கியூஷு தீவின் குருமே நகரில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் பிறந்தது. 'டோன்' என்றால் பன்றி, 'கோட்சு' என்றால் எலும்பு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது, மொழி தெரியாததால் நமக்குப் புரிவதில்லை.

1958-இல் மொமொஃபுகு ஆண்டோ உடனடி ராமெனைக் கண்டுபிடித்தார். 1971-இல் கப் நூடுல்ஸ் வந்தது. ஏழைத் தொழிலாளியின் உணவாக இருந்த ராமென் பிறகு உலகப் புகழ் பெற்றது. 2016-ஆம் ஆண்டுக்கான மிஷெலின் கையேட்டில் தோக்கியோவின் சுத்தா என்ற சிறிய கடை நட்சத்திரம் பெற்றது. ராமென் கடை ஒன்றுக்கு அந்த நட்சத்திரம் கிடைத்தது அதுவே முதல்முறை. இன்று பல நாடுகளில் ராமென் கடை வாசலில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

ஒரு கிண்ணம், ஐந்து கேள்விகள்

ராமென் ஒரே பாத்திரத்தில் சமைக்கும் உணவல்ல. தனித்தனியாகத் தயாரித்த ஐந்து பொருள்களைக் கடைசி நிமிடத்தில் ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறார்கள். எனவே மேலே இருக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் ராமென் நமக்கு ஆகுமானதாகிவிடாது.

முதலாவது, சூப். டோன்கோட்சு என்றால் பல மணி நேரம் கொதித்த பன்றி எலும்பு. எலும்பின் மஜ்ஜையும் கொழுப்பும் கரைந்து கலப்பதால்தான் அந்தப் பால் வெள்ளை நிறம். மற்ற வகைகளும் பாதுகாப்பானவை அல்ல. ஷோயு என்பது சோயா சாஸ், ஷியோ என்பது உப்பு, மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. இவை சுவையூட்டும் பொருளின் பெயர்கள், சூப்பின் பெயர்கள் அல்ல. ஷியோ ராமெனின் அடிச்சூப்பிலும் கோழியோடு பன்றி எலும்பு இருக்கலாம். எங்கள் மகன் ஏமாந்த 'கியோகாய்' வகை கடல் உணவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் பல கடைகளில் அது பன்றி எலும்பு சூப்புடன் கலந்தே வருகிறது.

இரண்டாவது, 'தாரே' எனப்படும் சுவைச் சாறு. கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றுவது இதைத்தான். சோயா சாஸுடன் மிரின், சாக்கே என்ற அரிசி மதுவகைகளை இதில் சேர்ப்பது வழக்கம். சில கடைகளில் பன்றி இறைச்சி வேகவைத்த சாறே தாரேயாகிறது.

மூன்றாவது, மேலே மிதக்கும் எண்ணெய். வாசனைக்காக ஊற்றும் இந்த எண்ணெய் பல இடங்களில் பன்றிக்கொழுப்பு. குளிர் மிகுந்த சப்போரோ நகரத்து மிசோ ராமெனில், சூப் ஆறாமல் இருக்க மேலே ஒரு படலமாகப் பன்றிக்கொழுப்பு விடுவது வழக்கம்.

நான்காவது, நூடுல்ஸ். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, 'கான்சுய்' என்ற கார உப்பு. சிலவற்றில் முட்டை. இதில் பிரச்சினை குறைவு. ஆனால் ஆலைகளில் தயாராகும் ஈர நூடுல்ஸ் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்ப்பதும் உண்டு.

ஐந்தாவது, மேலே வைக்கும் பொருள்கள். 'சாஷு' என்பது பன்றி இறைச்சித் துண்டு என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது முட்டை. பாதி வெந்த அந்த அழகான பழுப்பு முட்டையைப் பல கடைகளில் சாஷு வேகவைத்த சாற்றிலேயே ஊறவைக்கிறார்கள். இளஞ்சிவப்புச் சுழி போட்ட வெள்ளை மீன் துண்டு 'நருத்தோமாகி' (கார்ட்டூன் பையனின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்). இத்தகைய மீன் துண்டுகளில் மிரின் சேர்ப்பதுண்டு. பக்க உணவாக வரும் கியோசா கொழுக்கட்டையின் பூரணம் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி.

'பன்றி இல்லை' என்றால் ஹலாலா?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உணவக வாசல்களில் 'பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை' என்ற பலகையை அடிக்கடி பார்க்கிறோம். ஜப்பானில்கூட புகழ்பெற்ற டோன்கோட்சு நிறுவனமான இச்சிரான், பன்றி சேர்க்காத ராமெனுக்கென்றே தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் தனிக் கிளை நடத்துகிறது. இவை நல்லெண்ணத்தோடு செய்பவை. ஆனால் 'பன்றி சேர்க்காதது' என்பது ஓர் அறிவிப்பு, 'ஹலால்' என்பது வேறோர் அறிவிப்பு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது நம் தவறு.

பன்றி இல்லாத கிண்ணத்தில் கோழி இருக்கும். அந்தக் கோழி அல்லாஹ்வின் பெயர் கூறி, முறைப்படி அறுக்கப்பட்டதா? ஜப்பானின் சாதாரணக் கடைகளுக்கு வரும் கோழி அப்படி அறுக்கப்பட்டதல்ல. தாரேயில் மது இருக்கும். கோழியும் பன்றியும் ஒரே கத்தியில் வெட்டப்படும், ஒரே கரண்டியில் பரிமாறப்படும். ஹலால் சான்றிதழ் என்பது கொள்முதல் முதல் பரிமாறுவது வரை இவை எல்லாவற்றையும் பார்ப்பது. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாகிம் ஆகிய அமைப்புகள் தரும் முத்திரையைத் தேட வேண்டும். முத்திரை தெரிந்தாலும் அது எந்தக் கிளைக்கு, எந்தத் தேதி வரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பன்றி இறைச்சி விலக்கப்பட்டதைக் குர்ஆன் நான்கு இடங்களில் கூறுகிறது (2:173, 5:3, 6:145, 16:115). இதில் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. தெளிவான ஹலாலுக்கும் தெளிவான ஹராமுக்கும் இடையே சந்தேகமானவை உண்டு என்றும், அவற்றிலிருந்து விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ராமென் கிண்ணம் அந்த இடைப்பட்ட இடத்திற்கு நல்ல உதாரணம். பார்த்தால் கோழியாகத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

கொதித்தால் மது போய்விடாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மிரினில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. சமைக்கும்போது அது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் சேர்த்த ஆல்கஹாலில் சுமார் 40 விழுக்காடு மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 விழுக்காடு, இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 விழுக்காடு. எப்படியிருந்தாலும், மதுவை வாங்கி உணவில் ஊற்றுவதே நமக்கு ஆகாத செயல். எவ்வளவு மிஞ்சியது என்பது அடுத்த கேள்விதான்.

சோயா சாஸ் புளிக்கும்போது தானாகச் சிறிதளவு ஆல்கஹால் உருவாகிறது. இதையும் மது சேர்ப்பதையும் சான்றிதழ் அமைப்புகள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஹலால் முத்திரையுள்ள சோயா சாஸ் கடைகளில் கிடைப்பதால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

பாத்திரங்கள் பற்றி

பன்றி சமைத்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு நமக்குச் சமைத்தால்? வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்கவும், கிடைக்காவிட்டால் கழுவிப் பயன்படுத்தவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரி). கழுவும் முறையில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது சட்டம். ஹனஃபி மத்ஹபில் அந்த எண்ணிக்கை இல்லை, அசுத்தம் நீங்கும்படி கழுவினால் போதும். வெளிநாட்டில் அறை நண்பர்களோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பிரச்சினை. ஒரு சட்டியும் ஒரு கத்தியும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது எளிய வழி. மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

"பன்றி இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதாது. இறைச்சியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கடைக்காரர் "இல்லை" என்று சொல்லிவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை, நம் கேள்வி குறைவாக இருக்கிறது. சூப் எந்த எலும்பு? தாரேயில் சாக்கே, மிரின் உண்டா? மேலே ஊற்றும் எண்ணெய் எது? முட்டை எதில் ஊறியது? இறைச்சி ஹலாலா? இந்த ஐந்தையும் கேட்க வேண்டும்.

ஜப்பானில் "புத்தாநிக்கு ஹைத்தே இமாஸ் கா?" என்றால் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று பொருள். கொழுப்பு 'ராடோ'. மது 'சாக்கே'. கைப்பேசியில் இந்தக் கேள்விகளை அந்த மொழியிலேயே எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. சீட்டு எடுக்கும் இயந்திரத்தில் காசு போடும் முன் கேளுங்கள். காசு போட்ட பிறகு நம் மனமே நம்மைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடும்.

பாக்கெட் ராமெனுக்கும் இதே கவனம் தேவை. கொரிய நூடுல்ஸில் ஒரே பெயரில் ஹலால் முத்திரை உள்ள பாக்கெட்டும் இல்லாத பாக்கெட்டும் வருகின்றன. ஜப்பானில் பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் இருப்பதால் உறையில் அவற்றைக் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. உறையில் 'பன்றி' என்ற சொல் இல்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அலுவலக நண்பர்கள் அழைத்தால்

உணவகத்துக்குப் போன பிறகு மறுப்பதைவிட, முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் எளிது. "நான் முஸ்லிம், பன்றியும் மதுவும் கலந்ததைச் சாப்பிட மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல கடை இருக்கிறது, அங்கே போகலாமா?" என்று நாமே இடத்தைச் சொல்லலாம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதால் (திர்மிதி), இரவு விருந்துக்குப் பதில் மதிய உணவைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

நண்பர்கள் உண்பதைப் பார்த்து முகம் சுளிக்கவோ, அவர்கள் உணவை இழிவாகப் பேசவோ கூடாது. அது அவர்களின் உணவு. நாம் விலகுவது அல்லாஹ்வின் கட்டளைக்காக, அவர்களைவிட உயர்ந்தவர்கள் என்று காட்டுவதற்காக அல்ல. அந்தச் சமையல்காரர் எங்களுக்குக் காட்டிய மரியாதையை நாமும் திருப்பிக் காட்ட வேண்டும்.

அறியாமல் உண்டுவிட்டால்?

அன்றிரவு மகனிடம் நாங்கள் சொன்னது இதுதான். தவறுதலாக நடந்ததற்குக் குற்றம் இல்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதற்குத்தான் பொறுப்பு என்ற கருத்தைக் குர்ஆன் கூறுகிறது (33:5). மறந்தாலோ தவறிழைத்தாலோ பிடித்துவிடாதே என்று கேட்கும் துஆவையும் அல்லாஹ்வே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான் (2:286). பாவமன்னிப்புக் கேளுங்கள், அதோடு மனதை அரிக்கவிடாதீர்கள். ஆனால் தெரிந்த பிறகு, "இத்தனை நாள் சாப்பிட்டாயிற்று, இனி என்ன" என்று தொடரக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இப்படி நடந்ததாகப் பிள்ளை வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார். "நீ சொன்னது நல்லது" என்று தொடங்குங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் நமக்கும் இடையே இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

ஆசையை ஹலாலாக நிறைவேற்றலாம்

ராமென் என்ற உணவு ஹராம் அல்ல, அதில் சேர்ப்பவைதான் பிரச்சினை. அசாகுசாவில் நாரித்தயா, ஷின்ஜுகு பூங்கா அருகே ஓக்கா என்று ஹலால் ராமெனுக்கென்றே கடைகள் இருக்கின்றன. செல்லும் முன் அன்றைய நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலும் செய்யலாம். ஹலால் கோழி எலும்பும் கால்களும் ஒரு கிலோ எடுத்து, முதல் கொதியின் அழுக்கு நீரைக் கொட்டிவிட்டு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் போட்டு ஐந்தாறு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பாயா போல வெளுத்துவிடும். பூண்டு வதக்கிய நல்லெண்ணெய், ஹலால் முத்திரையுள்ள சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. ஏழு நிமிடம் வேகவைத்து உரித்த முட்டையைச் சோயா சாஸ் கலந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டால் அதே பழுப்பு நிறம் வரும். இடியாப்பமும் பாயாவும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதன் சுவை அந்நியமாக இருக்காது.

நாங்கள் அன்று பட்டினி கிடக்கவில்லை. ரயில் ஏறி அசாகுசா போய் ஹலால் கடையில் கோழி ராமென் சாப்பிட்டோம். மகள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அடுத்த வாரம் மகன் தம் அலுவலக நண்பர்கள் மூவரை அதே கடைக்கு அழைத்துச் சென்றதாகப் படம் அனுப்பினார். "இனி வெள்ளிக்கிழமை இங்கேதான்" என்று எழுதியிருந்தார்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளின் உம்மா கேட்ட அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டையே காப்பாற்றியது. நாம் உண்பது தூய்மையானதாக இருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. அவனே நன்கறிந்தவன்.